ஸ்டெல்லாவுக்குத் தெரியாமல் ஒரு சிக்னல் மீட்டர்

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் கடும் பனி. செம்மண்டலத்தில் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. சிதம்பரம் போகும்வரை ஜன்னலில் ஈரம்.

கடையில் கூட்டம் இல்லை. (கண்ணாடிக் கடை. பவர் பார்ப்பதும் லென்ஸ் பொருத்துவதும் பதினேழு வருடமாக நான்தான்.) ஒரு பெரியவரிடம் "இது தெளிவா, அது தெளிவா" என்று பதினோரு முறை கேட்டேன். "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. நீங்களே ஒரு முடிவு பண்ணுங்க சார்" என்றார். முடிவு பண்ண என்னைப் போய்க் கேட்கிறார்.

மாலை வீட்டுக்கு வந்தால் ஸ்டெல்லா போனில். சென்னை டிவிக்காரர்கள். டிசம்பரில் போய்க் கலந்துகொண்டாளே, டீச்சர்களுக்கான கேள்வி பதில் போட்டி, அது 23ஆம் தேதி ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு வருகிறதாம்.

"இப்பவாவது சொல்லேன். ஜெயிச்சியா?"

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"புருஷன்கிட்ட கூடவா?"

"புருஷன்கிட்டதான் முக்கியமா."

ஜெயித்திருக்கிறாள். போட்டி முடிந்து வரும்போது கையில் ஐந்து லிட்டர் குக்கர் பெட்டி. தோற்றவர்களுக்கு யார் குக்கர் கொடுப்பார்கள்?

பல் வலி, இடது பக்கம். கிராம்பு வைத்தேன்.

பிப்ரவரி 8, சனி

முஜிபு போன். (பள்ளியில் ஒரே பெஞ்சு. பதினெட்டு வருடம் குவைத். இப்போது பரங்கிப்பேட்டையில் சும்மா.) "மச்சான், மாமாவோட சவுக்குத் தோப்பு கடல ஒட்டியே இருக்கு. டெண்ட் போடலாம்டா. எனக்கு நோன்பு வந்துடும், உனக்குத் தவக்காலம் வந்துடும். அதுக்கு முன்னாடி இருக்கறது 22, 23 தான்."

என் டெண்ட் இரண்டு வருடமாக அலமாரி மேல். பிரிக்கவே இல்லை. ஸ்டெல்லாவுக்கு மணல் ஆகாது, பூச்சி ஆகாது, கட்டில் இல்லாமல் படுத்தால் இடுப்பு ஆகாது. அதோடு 23 அவள் டிவியில் வரும் நாள். "முடியாது மச்சான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுப்படியிலிருந்து குரல்.

"போலாம்னு சொல்லுங்க."

"23ஆம் தேதிடி. உன் ப்ரோக்ராம்."

"தெரியும். அங்க டவர் கெடைக்குமா?"

முஜிபைக் கேட்டேன். சுத்தமாகக் கிடைக்காதாம். போன் வெறும் டார்ச் லைட்தானாம்.

"அப்ப கண்டிப்பா போலாம்" என்றாள்.

என்ன அடக்கம்! ஜெயித்தவள், தெருவே வந்து பாராட்டும் என்று கூச்சப்பட்டு ஒதுங்குகிறாள். இந்தக் காலத்தில் யார் இப்படி?

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசையில் பிரசங்கத்தின்போது யோசனை வந்தது. (சாமியார் என்ன பேசினார் என்று ஞாபகம் இல்லை.) தோப்புக்கு ஒரு டிஷ்ஷைக் கொண்டுபோனால்? பன்னிரண்டு மணிக்குச் சரியாக அவள் முன்னால் டிவி. அவள் முகம் எப்படி இருக்கும்!

கோயில் வாசலில் நின்றே முஜிபுக்குப் போன். குதித்தான். "குவைத்துல பாலைவனத்துல டெண்ட் போட்டு மேட்ச் பாப்போம் மச்சான். டிஷ்ஷ நான் கையாலயே புடிப்பேன். மீட்டரெல்லாம் வேணாம்."

எனக்கு நம்பிக்கை இல்லை. அளக்காமல் நான் எதையும் பொருத்தியதில்லை.

தேவை: டிஷ், மூன்று கால் ஸ்டாண்டு, வயர், வீட்டு செட்டாப் பாக்ஸ், டிவி (முஜிபு), பேட்டரியும் இன்வர்ட்டரும் (முஜிபு), சிக்னல் மீட்டர் (நான்). ஸ்டெல்லாவுக்குத் தெரியாமல் எல்லாம்.

பிப்ரவரி 12, புதன்

சாப்பாட்டு நேரத்தில் தெற்கு வீதி, டிஷ் மெக்கானிக் தனசேகர் கடை. பழைய டிஷ்ஷும் ஸ்டாண்டும் இரண்டு நாளைக்குத் தருவதாகச் சொன்னார். மீட்டர் மட்டும் தர மாட்டார். "அத மட்டும் கேக்காதீங்கண்ணே. சோறு போடற சாமான்."

அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன்:

"சந்தையில நிக்கறீங்க. ஒரே எரைச்சல். அதுதான் ஸ்ட்ரெங்த். அந்த எரைச்சல்ல யாரோ உங்க பேரச் சொல்லிக் கூப்புடறது தனியா காதுல விழுது பாருங்க, அது குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் எண்பது இருந்து குவாலிட்டி சைபர்னா படம் வராது. மேல ஏகப்பட்ட சேட்டிலைட் நிக்குது. எல்லாமே கத்தும்."

"திசை?"

"தென்கிழக்கு. திசைகாட்டியில நூத்தி இருவத்தேழு. மூஞ்சிய நல்லா மேல தூக்கணும். நம்மூர்ல சேட்டிலைட்டு கிட்டத்தட்ட தல மேலதான்."

முஜிபிடம் சொன்னேன். "தென்கிழக்கா? குவைத்துல தென்மேற்குடா. மரத்துக்கு மேல லேசா. எனக்குத் தெரியாதா?" பூமி உருண்டை என்று விளக்கப் பார்த்தேன். போனை வைத்துவிட்டான்.

பிப்ரவரி 13, வியாழன்

மீட்டர் மூன்று வகை:

முள் மீட்டர் (மு.மீ.). தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முள் ஏறும், கீ என்று கத்தும். எந்த சேட்டிலைட் என்று சொல்லாது. செட்டாப் பாக்ஸ் கரண்டில்தான் ஓடும்.

போன் ஆப். வானத்தில் சேட்டிலைட் இருக்கும் இடத்தில் புள்ளி வைத்துக் காட்டுகிறது. கடையில் வைத்துப் பார்த்தேன், புள்ளி மேலே ஃபேன் மீது. வெளியே போய்ப் பார்த்தேன், எதிர் பேக்கரி மீது. பக்கத்தில் இரும்பு இருந்தால் குழம்புமாம்.

டிஜிட்டல் மீட்டர் (டி.மீ.). டிபன் டப்பா அளவு. சொந்த பேட்டரி. நம் சேட்டிலைட்டைத் தேர்ந்தெடுத்தால் அது கிடைத்தால் மட்டும்தான் பீப். ஸ்ட்ரெங்த் தனி, குவாலிட்டி தனி.

டி.மீ. நல்லது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மு.மீ. சின்னது, சட்டைப் பையில் மறைக்கலாம். டி.மீ.யை ஸ்டெல்லாவிடமிருந்து எங்கே மறைப்பது?

வாடிக்கையாளர் மூன்று பேரிடம் அபிப்பிராயம் கேட்டேன். ஒருவர் இரண்டையும் வாங்கச் சொன்னார். ஒருவர் கேபிள் போடச் சொன்னார். மூன்றாமவர், "எனக்குக் கண்ணு எப்ப பாப்பீங்க?" என்றார்.

பிப்ரவரி 15, சனி

மு.மீ. வாங்கிவிட்டேன். நாளை ஸ்டெல்லா பங்கு அன்பியக் கூட்டத்துக்கு (தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபம் சொல்வது) போவாள். இரண்டு மணி நேரம். மாடியில் சோதனை.

பல் வலி பரவாயில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

கேவலம்.

வீட்டு டிஷ்ஷைக் கொஞ்சம் நகர்த்தி, மு.மீ. வைத்துத் திரும்பப் பிடிப்பது என்று திட்டம். நகர்த்துவது சுலபமாக முடிந்தது. பிறகு எந்தப் பக்கம் திருப்பினாலும் கீ. கிழக்கே கீ. தெற்கே கீ. முள் முழுதாக ஏறி நிற்கிறது. கீழே ஓடிப் போய்ப் பார்த்தால் டிவியில் "சிக்னல் இல்லை". பதினான்கு முறை மாடி ஏறி இறங்கினேன். எதிர்மாடி அம்மா கொடியில் துணியை எடுத்துக்கொண்டே, "சார், எங்க வீட்டு காலிங் பெல்லா அடிக்குது?" என்று கேட்டார்.

ஸ்டெல்லா வந்துவிட்டாள். டிவியைப் போட்டாள். ஒன்றும் வரவில்லை. காற்றில் டிஷ் திரும்பியிருக்கும், நாளைக்கே ஆளைக் கூப்பிடுகிறேன் என்றேன்.

"போனா போகட்டும். அவசரப்பட்டு சரி பண்ணாதீங்க. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றாள். முகத்தில் ஒரு சந்தோஷம்கூட.

பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை ஜாஸ்தி போல. டிவி தொந்தரவு என்று நினைக்கிறாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

டி.மீ. வாங்கியாயிற்று. தனசேகர் மூன்று மாடல் காட்டினார். ஒன்றில் பெரிய திரை. ஒன்றில் பச்சை விளக்கு. ஒன்று சும்மா கத்துகிறது.

"கடற்கரையா? வெயில்ல திரையும் தெரியாது, விளக்கும் தெரியாது. சத்தம் போடறத எடுங்க. காத்துல அலையில கூட காதுல விழணும்."

நான் ஒரு மணி நேரம் யோசித்ததில் அவர் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு இன்னொரு டீ. கடைசியில் சத்தக்காரனைத்தான் எடுத்தேன். கடையில் வைத்து ஒருமுறை பீப் அடித்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

கூட ஒரு கையேடு, நாற்பது பக்கம். பஸ்ஸில் பதினெட்டு பக்கம் முடித்தேன்.

பிப்ரவரி 19, புதன்

அரை நாள் லீவு. ஸ்டெல்லா பள்ளியில். மாடி. ஆறு நிமிடம்! ஒரே ஆளாக ஆறே நிமிடத்தில் டிஷ்ஷைப் பிடித்துவிட்டேன். முதலில் மேல்நோக்கு, பிறகு மெதுவாகப் பக்கவாட்டு, தலைமுடி அளவு. பீப். ஸ்ட்ரெங்த் 84, குவாலிட்டி 77. இன்னும் நான்கு முறை கலைத்துப் பிடித்தேன். கடைசி முறை இரண்டரை நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

மாலையில் ஸ்டெல்லா டிவியைப் பார்த்தாள். "அதுக்குள்ள வந்துடுச்சா" என்றாள். பாராட்டு மாதிரி இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

மூட்டை: டெண்ட். இரண்டு பாய். கொசுவத்தி. ரசமட்டம் (ஸ்டாண்டு மட்டமாக நிற்க). மணலில் கால் புதையாமல் இருக்கப் பலகைத் துண்டு மூன்று. டி.மீ., பழைய லென்ஸ் பெட்டிக்குள். வீட்டு செட்டாப் பாக்ஸ், காலையில் கிளம்பும்போது கழற்றி என் பைக்குள். பல் வலி மாத்திரை. டிஷ் நேற்றே தனசேகர் கடையிலிருந்து முஜிபு வேனுக்குப் போய்விட்டது, தார்ப்பாய்க்கு அடியில்.

முஜிபு மனைவி பர்வீனுக்கும் விஷயம் தெரியும். கேக் செய்கிறாளாம்.

ஸ்டெல்லா பாடிக்கொண்டே துணி மடிக்கிறாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் இடுப்பு வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் வெளியூர் கிளம்புவது இதுதான் முதல் முறை.

பிப்ரவரி 22, சனி

தோப்பு. டெண்ட் போட இரண்டு மணி நேரம். முஜிபு குவைத் முறை, நான் கையேட்டு முறை. கடைசியில் பர்வீனும் ஸ்டெல்லாவும் போட்டார்கள்.

நல்ல இடம். கிழக்கே கடல், தென்கிழக்கு திறந்த வானம். ஒரு மரம்கூட மறைக்கவில்லை. மேற்கே முழுக்கச் சவுக்கு.

ஸ்டெல்லா போனை உயரத் தூக்கி நாலு பக்கமும் நடந்து பார்த்தாள். "ஒரு புள்ளி கூட இல்லல்ல?"

"இல்ல."

"அப்பாடா."

மதியம் பர்வீன் வறுத்த சங்கரா மீன். நான் நான்கு. முஜிபு எண்ணவே இல்லை. பிறகு ஸ்டெல்லா மணலில் உட்கார்ந்து, காலை அலையில் நீட்டிக்கொண்டு, பர்வீனோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மணல் ஆகாதவள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாலை ஐந்து மணி. வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசையாக எழுத வேண்டும்.

காலை ஆறரை. நானும் ஸ்டெல்லாவும் தண்ணீர் ஓரமாக நடந்தோம். இதமான காற்று.

"ஏங்க, ஒண்ணு சொல்லட்டா. திட்டக் கூடாது."

"சொல்லு."

"நான் தோத்துட்டேன்."

"குக்கரு?"

"வந்தவங்க எல்லாருக்கும் குடுத்தாங்க."

நடந்துகொண்டே இருந்தோம். அவளே சொன்னாள். முதல் சுற்றிலேயே வெளியே. வேகக் கேள்வி. எட்டேழு எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஐம்பத்தாறு" என்றேன்.

"ம். கண்ணாடிக் கடையில இருக்கறவரு சொல்றாரு. எட்டாங் கிளாஸ் கணக்கு டீச்சர் ஐம்பத்து நாலுன்னு சொன்னா."

நான் சிரிக்கவில்லை. சத்தியமாக. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் கண்ணில் தண்ணீர்.

"வாய்ப்பாடு தெரியலன்னு எத்தினி புள்ளைங்கள வெளிய நிக்க வச்சிருக்கேன் தெரியுமா? இருவது வருஷமா. இன்னிக்கு அதுங்க எல்லாம் வீட்டுல உக்காந்து பாக்கும். ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் பாப்பாங்க. நாளைக்கு எப்டி வகுப்புக்குள்ள போவேன்? சரியா அந்த நேரத்துல போன் அடிக்காத, டிவி இல்லாத ஒரு எடத்துல இருக்கணும்னுதான் நான் வந்தது. நல்ல எடமா கொண்டாந்தீங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும் டிஷ்.

"ஸ்டெல்லா, வந்து..."

"முஜிபு அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பரங்கிப்பேட்டை முழுக்கச் சொல்லிடுவாரு. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். இனி முஜிபிடம் காரணத்தைச் சொல்லவும் முடியாது. வேண்டாம் என்றால் ஏன் என்பான். இன்வர்ட்டர் வயரைப் பிடுங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். வாழ்நாளில் நான் இவ்வளவு வேகமாக எடுத்த முடிவு வேறில்லை.

தாமதம். திரும்பி வந்தால் வேனின் பின்கதவு திறந்து, டிவி அதில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஸ்டாண்டு மேல் டிஷ். பேட்டரிப் பெட்டி மேலேயே முஜிபு உட்கார்ந்திருக்கிறான்.

"தங்கச்சி! உன் வீட்டுக்காரன் என்னா பண்ணியிருக்கான் பாரு! ரெண்டு வாரமா மீட்டரு வாங்கறேன், மீட்டரு வாங்கறேன்னு என் உயிர எடுத்தான். எல்லாம் உனக்காக! பன்னெண்டு மணிக்கு உன்ன நாங்க டிவில பாக்கப் போறோம்!"

பர்வீன் கேக்கைத் திறந்தாள். "வாழ்த்துகள் ஸ்டெல்லா டீச்சர்" என்று க்ரீமில் எழுத்து.

ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை. சிரித்த முகமாக கேக்கைப் பாராட்டிவிட்டு, என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் ஒரே வார்த்தை: "எப்படியாவது."

அதன் பிறகு நடந்தது:

மணி பதினொன்று. நான் டிஷ் முன்னால். முஜிபு டிவி முன்னால். "வந்துச்சா மச்சான்?" என்று நான் கேட்க வேண்டும், "இல்ல" என்று அவன் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது வராமல் இருப்பது. ஆனால் அத்தனை முறை பழகிய கை. நான் எங்கே திருப்பினாலும் அது தானாகத் தென்கிழக்குக்கே போகிறது. பீப்!

உடனே இருமினேன். டிஷ்ஷைத் தட்டிவிட்டேன்.

"என்னாடா சத்தம்?"

"பறவ."

"இங்க இந்த மாதிரி பறவ நான் கேட்டதே இல்லியே."

"கடல் பறவையா இருக்கும்" என்றாள் பர்வீன். நல்ல பெண்.

சத்தத்தை நிறுத்த வேண்டும். எந்தப் பொத்தான்? கையேட்டில் அது பத்தொன்பதாம் பக்கத்துக்கு மேல் இருக்க வேண்டும். கண்டதை அழுத்தினேன். சத்தம் கூடியது. டி.மீ.யை லுங்கி மடிப்பில் சுருட்டி வைத்துக்கொண்டு டிஷ்ஷை வடக்கே தள்ளினேன். காற்று அடித்துத் திருப்பிக் கொண்டுவந்தது. இப்போது என் இடுப்பிலிருந்து பீப்.

"ஒரு செகண்டு படம் வந்துச்சுடா! விடாத, அங்கேயே நிறுத்து!"

"காத்து மச்சான்! நிக்க மாட்டேங்குது!"

பதினொன்று முப்பத்தைந்துக்கு முஜிபுக்குப் பொறுமை போயிற்று. "நகரு. குவைத்துல எத்தினி புடிச்சிருக்கேன்." டிஷ்ஷைத் தூக்கி நேரே தென்மேற்கே, சவுக்கு மரங்களைப் பார்த்துத் திருப்பினான்.

"ஆமா மச்சான். நீ சொல்றதுதான் சரி" என்றேன்.

முப்பத்தைந்து வருட நட்பில் இதை நான் சொன்னதே இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் கால் மணி நேரம் மேற்கு வானத்தைத் துழாவினான். ஸ்டெல்லாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் மனதுக்குள் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தேன், சிக்னல் வரக் கூடாது என்று. இப்படி ஒரு வேண்டுதலை மாதா கேட்டிருக்க மாட்டார்.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம். முஜிபு டிஷ்ஷை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ரெண்டு வாரமா என்னாடா படிச்ச? பாவம்டா தங்கச்சி. வாழ்க்கையில ஒரே ஒரு நாள் டிவில வருது, அதக் கூட உன்னால காட்ட முடியல. சொன்னா சொன்னபடி ஒரு காரியம் செஞ்சிருக்கியா நீ? எதையும் யோசிச்சே கெடுப்ப. இந்த ஆளோட இருவது வருஷம் எப்டிம்மா குப்ப கொட்டின?"

"ஏங்க, போதும்" என்றாள் பர்வீன்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் சொன்னதில் பாதி உண்மையும்கூட. காது சுட்டது.

ஸ்டெல்லா எழுந்தாள். புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். நேரே என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க."

"எதை?"

"லுங்கியில வச்சிருக்கீங்களே, அத."

"வேணாம் ஸ்டெல்லா" என்று மெதுவாகச் சொன்னேன்.

"அவரு ஒண்ணும் தெரியாதவர் இல்ல அண்ணே" என்று முஜிபைப் பார்த்துச் சொன்னாள், சத்தமாக. "வீட்டு மாடியில தனியாளா சரி பண்ணாரு, எதிர்மாடி அம்மா சொன்னாங்க. இன்னிக்கு நான்தான் வேணாம்னேன். நான் அதுல அசிங்கப்பட்டிருக்கேன். அதான். நீங்க என்னைய வச்சு அவரத் திட்ட வேணாம்." பிறகு என்னிடம்: "எத்தினி டிகிரி?"

"நூத்தி இருவத்தேழு. மேல அறுவத்தெட்டு."

கோணம் என்றால் அவளுக்குச் சொல்லியா தர வேண்டும். பலகையைச் சரிசெய்து, ரசமட்டத்தைப் பார்த்து, நான் பிடித்துக்கொள்ள அவள் திருப்பினாள். நாலு நிமிடம். பீப். தோப்பு முழுக்கக் கேட்டது. குவாலிட்டி 81. என்னைவிட நான்கு அதிகம்.

பன்னிரண்டு மணி. நாலு பேரும் பாயில். பாட்டு, விளக்கு, கைதட்டல். ஸ்டெல்லா வந்தாள், நீலப் பட்டு. அந்தக் கண்ணாடி நான் செய்தது. டிவியில் எடுப்பாக இருந்தது. சொன்னேன். "இப்ப அதுவா முக்கியம்" என்றாள். என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிய.

எட்டேழு?

"ஐம்பத்து நாலு!" டிவியில், அவ்வளவு கம்பீரமாக.

மணி அடித்தது. விளக்கு சிவப்பு. டிவி ஸ்டெல்லா சிரித்த மாதிரி நின்றாள். ஒருவர் வந்து கையில் குக்கர் பெட்டியைக் கொடுத்து அந்தப் பக்கமாக அனுப்பிவைத்தார். மொத்தம் மூன்று நிமிடம்.

ஸ்டெல்லா என் கையை விட்டாள்.

முஜிபுதான் முதலில். "ஏன் வெளிய அனுப்புறான்? சரியாத்தானே சொல்லிச்சு தங்கச்சி?"

பர்வீன் மெதுவாக, "ஐம்பத்தாறுங்க."

"எப்பலேர்ந்து?"

ஸ்டெல்லாவிடமிருந்து ஒரு சத்தம். அழுகிறாள் என்று பயந்து திரும்பினேன். சிரிக்கிறாள். பாயில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரிக்கிறாள். பர்வீனும் ஆரம்பித்தாள். பிறகு நான். காலையிலிருந்து அடக்கியது எல்லாம் சேர்த்து. முஜிபு மட்டும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான்.

கேக்கை வெட்டினோம். "வாழ்த்துகள்" துண்டு எனக்கு.

பிறகு டெண்ட் மடிக்கும்போது முஜிபு என் பக்கத்தில் வந்து நின்றான். "கோச்சிக்காத மச்சான். தெரியாம பேசிட்டேன்." சரிடா என்றேன். "ஆனா தென்மேற்குதான் சரி" என்றான்.

பிப்ரவரி 24, திங்கள்

வெயில். உடம்பு முழுக்க மணல், சட்டைப் பையிலும்.

காலையில் ஸ்டெல்லா புடவை மூன்று மாற்றினாள். காபி பாதி. போனை அணைத்தே வைத்திருந்தாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "லீவு போட்டுடட்டா?" என்று கேட்டாள். என்ன சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்கும் முன் கிளம்பிவிட்டாள்.

எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. ஒரு ஃப்ரேமில் இடது லென்ஸை வலதில் மாட்டிவிட்டேன். முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவரும் நிகழ்ச்சியைப் பார்த்திருப்பாரோ?

ஆறரைக்கு வீடு. அவள் எனக்கு முன்னாலேயே வந்து மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

வகுப்புக்குள் போனதும் அமைதி. எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டு. கடைசி வரிசையில் யாரோ களுக்கென்றது. இவளே கரும்பலகையில் 8 × 7 = 54 என்று எழுதி, "யாரு வந்து திருத்துறீங்க?" என்றாளாம். ஒருவரும் எழவில்லை. அப்புறம் மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்ததாம். ஜூனிலிருந்து கணக்கு வகுப்பில் வாயே திறக்காதவள். இவள் எத்தனையோ முறை வெளியே நிற்க வைத்தவள். வந்து நாலை அழித்து ஆறு போட்டுவிட்டு, திரும்பி, "மிஸ், போன மாசம் நடத்துன பின்னம் எனக்குப் புரியவே இல்ல. இப்ப கேக்கலாமா?" என்றாளாம்.

"இத்தன நாளு ஏன் கேக்கலன்னேன். 'உங்களுக்குத் தப்பே வராதுன்னு நெனச்சேன் மிஸ்'னு சொல்லுது. அந்தப் பீரியடு பூரா பின்னம்தாங்க. பின்னாடி ஏழு பேரு கேட்டாங்க. ஒருத்தரும் வெளிய நிக்கல."

இதை மூன்று முறை சொன்னாள். இப்போது நாலாவது முறை, போனில், பர்வீனிடம், கூடத்தில் நடந்துகொண்டே, கையை ஆட்டி ஆட்டி. கல்லில் தோசை கிடக்கிறது. புகை வருகிறது. நான்தான் போய்த் திருப்ப வேண்டும்.